மீதியையும் வாசிங்க

லாரல் ஓடை, மலைக்குக் கிழக்கே
டென்னஸி
1954 ஆகஸ்ட் 9

தங்கச்சி ஓலீட்டாவுக்கு,

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். வெஸ்டாதான் பேனாவைக் கையில் திணித்தாள். கூடப்பிறந்தவள் கவுண்டி நிர்வாக மன்றத்துக்கு ஜெயித்திருக்கிறாள், ஒரு வாழ்த்துச் சொல்லக்கூட உங்களுக்கு மனசு வராதா என்று கேட்டாள். அதனால் வாழ்த்துகிறேன். ராஸ்கோ ஸ்டர்ஜிலை நீ தோற்கடிப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நம் வட்டாரத்துக்கு மன்றத்தில் இரண்டு நாற்காலி. ஒன்றில் நான், இன்னொன்றில் அவன் என்று எத்தனையோ வருடம் ஓடிவிட்டது.

அவன் சும்மா விடுவதாக இல்லை. சனிக்கிழமை வக்கீல் டிரம்மண்டைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டான். நம் மாநிலச் சட்டத்தில் கடவுள் இல்லை என்பவர்கள் அரசுப் பதவி வகிக்கக்கூடாது என்று இருக்கிறதாம். செப்டம்பர் ஒன்றாம் தேதி நீ பதவிப் பிரமாணம் எடுக்க எழுந்ததும் எழுந்து தடுக்கப்போகிறானாம். நீ அப்படிச் சொன்னதற்குச் சாட்சி வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் நீ அதைச் சொன்னது நான் மூப்பராக இருக்கிற தேவாலயச் சபையில், என் முகத்துக்கு நேராக. "உங்க வாயால ஒரு தடவை சொன்னாப் போதும், மூப்பரே" என்றான் டிரம்மண்ட்.

வேதப்புத்தகத்தில் கை வைத்துவிட்டு என்னால் பொய் சொல்ல முடியாது. உனக்கே தெரியும். ஆகவே நீதான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். கடவுளை நம்புகிறாயா என்று மன்றத் தலைவர் கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடு. ஒரே ஒரு வார்த்தை. என் சாட்சி பழைய கதையாகிவிடும். மனிதர்கள் மாறுவது இல்லையா? உள்ளே எட்டிப் பார்க்க யாரும் வரப்போவதில்லை.

வெஸ்டா ஒரு பாட்டில் பிளாக்பெர்ரி ஜாம் அனுப்புகிறாள். அது என் யோசனை இல்லை.

ஹோபர்ட்

&nbsp;

லாரல் ஓடை, மலைக்கு மேற்கே
1954 ஆகஸ்ட் 12

மூப்பர் ஹோபர்ட் கிராப்ட்ரீ அவர்களுக்கு,

தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்றேன். மலைக்கு அந்தப்பக்கத்திலிருந்து டவுனுக்குப் போய், முத்திரை குத்திக்கொண்டு, மலையைச் சுற்றி வந்து சேர்ந்தது. நடந்து வந்திருந்தால் அதற்குமுன் தாங்களே வந்திருக்கலாம். உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்துத் தபால்காரி மிஸ் எஃபிக்கு முகம் வெளுத்துவிட்டது. "உன் அண்ணன் எழுதியிருக்காரே, யாரு செத்தது?" என்று கேட்டாள்.

யாரும் சாகவில்லை. நான்கு வருடத்துக்கு முன்பும் எல்லாரும் இதையேதான் கேட்டார்கள். ஒருத்தி நம்பிக்கையை விட்டுவிட்டாள் என்றால் வீட்டில் பெரிய சாவு ஒன்று விழுந்திருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. நான் தோட்டத்தில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல ஆண்டவரோடு பேசிக்கொண்டே பறித்தேன். எதிரே யாரும் இல்லை என்று அப்போது பட்டது. இடியும் இல்லை, மின்னலும் இல்லை. பீன்ஸைப் பறித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனேன்.

மனதில் பட்டதைச் சபை நடுவே எழுந்து சொல்ல வேண்டும் என்பது அப்பா வைத்த வழக்கம். சொன்னேன். தாங்களும் சபையின் ஒழுங்குப்படி என் பேரைத் தங்கள் வாயாலேயே நீக்கினீர்கள். அதற்காக நான் தங்களைக் கோபித்ததே இல்லை. அதற்குப்பிறகு வழியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனீர்களே, அதற்குத்தான் கோபம்.

ஒரே ஒரு வார்த்தை என்கிறீர்கள். நான் ஓட்டுகிற பள்ளி பஸ் ஓடைக்கரையோடு நின்றுவிடுகிறது, பாலம் இல்லாததால். அந்தப்பக்கத்துப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி வருகிறார்கள். மழை வலுத்தால் அவர்களுக்குப் பள்ளிக்கூடமே இல்லை. பாலம் கேட்டுப் போனவர்களிடம் ஸ்டர்ஜில் சொன்ன பதில், "அந்தக் கரையில ஓட்டு கம்மி." அதனால்தான் எனக்குப் போட்டார்கள். தங்கள் சபையார்தான் போட்டார்கள், என்னைப் பற்றி எல்லாம் தெரிந்தே. அவர்களுக்கு இல்லாத கவலை ஸ்டர்ஜிலுக்கு எதற்கு?

இந்தக் கோடையில் வாஷிங்டன்காரர்கள் கொடி உறுதிமொழியில் கடவுளைச் சேர்த்துவிட்டார்கள். கொடிக்கு வாய் கிடையாது, எதைச் சேர்த்தாலும் பேசாமல் பறக்கும். எனக்கு வாய் இருக்கிறது. அந்த வார்த்தை என்னிடமிருந்து வராது.

ஜாமில் சர்க்கரை கொஞ்சம் மட்டு என்று அண்ணியிடம் சொல்லவும். பாட்டில் காலி. சபையில் ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவும் ஆராதனையில் அண்ணிக்கு எப்போதும் நான்தான் ஜோடி. இப்போது அவள் யார் காலைக் கழுவுகிறாள்?

தங்கள் சபையில் இல்லாத,
ஓலீட்டா

&nbsp;

1954 ஆகஸ்ட் 16

ஓலீட்டா,

அவர்களுக்கு, தங்கள், மேலான என்றெல்லாம் எழுதி என்னைக் குத்தவேண்டாம். வெஸ்டா அதை வாசித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டவுன் கடையில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? ஏற்கெனவே நம்மை நரகமில்லாச் சபை என்றுதான் கூப்பிடுகிறார்கள். மனிதன் பண்ணின பாவத்துக்கு இந்த உயிர் இருக்கும்போதே அடிபட்டுவிடுகிறான், செத்தபின் ஆண்டவர் ஒருத்தரையும் விடாமல் வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறார் என்று நாம் பிரசங்கிக்கிறோம் அல்லவா, அதற்கு இந்தப் பட்டம். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. நான் ஆணி வாங்க நிற்கும்போது என் காதில் விழட்டும் என்றே ஒருத்தன் சொன்னான். "அவங்க வீட்டுல முதல்ல நரகம் போச்சு, இப்பக் கடவுளும் போயாச்சு. அடுத்து சோளரொட்டியும் போயிடுமோ?" கடையே சிரித்தது. ஆணியை வாங்காமல் வந்துவிட்டேன்.

நீ பொய் சொல்ல வேண்டாம். எங்க அப்பா நம்பினதை மதிக்கிறேன் என்று சொல். அதில் பொய் ஏதும் இல்லையே? தலைவர் விட்லோவுக்கும் இந்தத் தகராறு பிடிக்கவில்லை. அதையே பிடித்துக்கொண்டு உன்னை உட்கார வைத்துவிடுவார்.

நீ மறுத்தால் நாற்காலி ஸ்டர்ஜிலுக்குத்தான். பாலம் போனதுதான். உன் வீம்புக்காக அந்தப் பிள்ளைகள் அடுத்த தேர்தல் வரை இன்னும் ஆறு வருடம் செருப்பைக் கையில் தூக்கவேண்டுமா? பதில் எழுது.

வெஸ்டா யார் காலையும் கழுவுவதில்லை. துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வேறு ஜோடி சேர்த்துக்கொள் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

ஹோபர்ட்

&nbsp;

1954 ஆகஸ்ட் 20

அண்ணா,

பிள்ளைகளை வைத்துக் கேட்டுவிட்டாய். சரியான இடத்தில் அடித்திருக்கிறாய். அதனால் விளையாட்டை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

அப்பா நம்பியதை மதிக்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம்தான். அப்புறம்? பாலத்துக்கு ஓட்டெடுக்கிற அன்று ஸ்டர்ஜில் பின்வரிசையிலிருந்து எழுந்து, அன்றைக்கு நீ என்ன அர்த்தத்தில் சொன்னாய் என்று கேட்பான். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பான். நான் மென்று முழுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். மறைக்க ஒன்று இருக்கிறவளை எல்லாரும் சுலபமாக மிரட்டலாம். மிரட்டுகிறவனிடமிருந்து பாலம் வாங்க முடியாது. அந்த நாற்காலி எனக்கு வேண்டும், அண்ணா. ரொம்ப வேண்டும். ஆனால் அதில் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

எனவே நீ போய்ச் சாட்சி சொல். நான் சொன்னதை அப்படியே சொல். என்மேல் இரக்கப்பட்டு வார்த்தையை வழுவழுவென்று ஆக்காதே. எனக்காக நீ பொய் சொன்னாய் என்றால் அதைவிட எனக்கு வேறு அவமானம் கிடையாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சொல்லி முடித்ததும் இறங்கி நேராக வீட்டுக்குப் போய்விடு. டிரம்மண்டோடு சட்டம் பேசாதே. அவன் காட்டுகிற காகிதம் எதையும் வாங்கி வாசிக்காதே. அது வக்கீல்கள் வேலை. செய்வாய் அல்லவா?

ஓலீட்டா

&nbsp;

1954 ஆகஸ்ட் 26

ஓலீட்டா,

வாசித்துவிட்டேன்.

சாட்சிக்கு முன் பார்த்துக்கொள்ளச் சொல்லி டிரம்மண்ட் சட்டப் புத்தகத்தையே அனுப்பியிருந்தான். பக்கத்தில் அடையாளம் வைத்து, அந்த வரியில் பாதிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தான். பாதிக்குத்தான் கோடு. நான் வேதத்தில் பாதி வசனத்தை வாசித்து நிறுத்துகிறவன் இல்லை. முழுவதையும் வாசித்தேன். பிறகு வெஸ்டாவைக் கூப்பிட்டு உரக்க வாசிக்கச் சொன்னேன்.

"கடவுள் உண்டென்பதையோ, மறுமையில் பரிசும் தண்டனையும் உண்டென்பதையோ மறுக்கும் எவரும் இம்மாநிலத்தில் அரசுப் பதவி வகிக்கலாகாது."

மறுமையில் தண்டனை. இல்லை என்று மாதாமாதம் நின்று பிரசங்கம் பண்ணுகிறவன் யார்? அங்கே உயர்ந்தவன் தாழ்ந்தவன் என்று வரிசை கிடையாது, எல்லாருக்கும் ஒரே மேசை என்று சொல்கிறவன் யார்? இத்தனை வருடமாக நான் அந்த மன்றத்தில் சட்டவிரோதமாக உட்கார்ந்திருக்கிறேன். உன்னை நாற்காலியை விட்டு எழுப்புவதற்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள்.

டிரம்மண்டுக்கு இது தோன்றவில்லை. நாங்கள் என்ன பிரசங்கிக்கிறோம் என்று அவன் என்றாவது காதுகொடுத்துக் கேட்டிருந்தால்தானே. பட்டப்பெயரைச் சொல்லிச் சிரித்ததோடு சரி.

உனக்கு இது தெரிந்திருக்கிறது. காகிதத்தை வாசிக்காதே என்று நீ எழுதியபோதே எனக்கு உறுத்தியது. ஏன் என்னிடம் மறைத்தாய்? எத்தனை நாளாகத் தெரியும்?

ஹோபர்ட்

&nbsp;

1954 ஆகஸ்ட் 29

அண்ணா,

தேர்தலில் நிற்பதற்கு முன்பே தெரியும். டவுன் நூலகத்தில் போய்ப் பார்த்தேன். இறங்குகிற தண்ணீரின் ஆழத்தைப் பார்க்காமல் நான் கால் வைப்பதில்லை. அதே பகுதியில், கொஞ்சம் மேலே, போதகர்கள் மாநிலச் சட்டசபையில் உட்காரக்கூடாது என்றும் இருக்கிறது. கவனித்தாயா? அந்தப் பக்கத்தை எழுதினவர்கள் உன்னையும் என்னையும் ஒரே வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

மறைத்ததற்குக் காரணம் சொல்கிறேன். உன் சபையில் நீ மட்டுமா பதவியில் இருக்கிறாய்? கான்ஸ்டபிள் எஸ்கோ, மன்ற எழுத்தர் லோவல், சாவு விசாரிக்கிற அதிகாரி வெர்னன், எல்லாரும் நம் ஆட்கள்தான். டவுன்காரர்களுக்கு ரொம்பநாளாக இவர்கள்மேல் கண். அந்த மீதிப்பாதியைக் காட்டிக் கொடுத்தால் மொத்தமாகத் துடைத்துப் போட்டுவிடுவார்கள். சண்டை என்னுடையது. என் அடுப்புக்கு உன் சபையை விறகாக்க எனக்கு இஷ்டமில்லை. என்னை நீக்கிய சபைதான். ஆனாலும் அங்கேதான் எனக்குப் பேச வந்தது.

ஆகவே தயவுசெய்து, கேட்டதற்குப் பதில் சொல், இறங்கு, போ. நீ இதில் வாயைத் திறந்தால் நான் உன்னை மன்னிக்கவே மாட்டேன்.

ஓலீட்டா

&nbsp;

1954 ஆகஸ்ட் 31

ஓலீட்டா,

என்னைக் காப்பாற்றும்படி நான் உன்னைக் கேட்கவில்லை.

மன்னிக்காமலே இரு. பழகிப்போயிற்று.

இதை எஸ்கோ கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் நாளைக்குள் வராது.

ஹோபர்ட்

&nbsp;

1954 செப்டம்பர் 2

அண்ணா,

நீ தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாய். பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. எஸ்கோ வந்து சொல்லியிருப்பான், ஆனால் எஸ்கோ எதையும் நேராகச் சொல்லமாட்டான். அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் நீ சொன்னதையே எழுதி வைக்கிறேன். நாளைக்கு நீயே அப்படிச் சொல்லவில்லை என்பாய். என் தங்கை கடவுள் இல்லை என்று சபையில் சொன்னது உண்மை என்றாய். கோடு போட்ட பாதியை மட்டும் மன்றத்தில் வாசித்துக் காட்டியிருந்த டிரம்மண்ட் நன்றி சொல்லி, இறங்கலாம் என்றான். நீ இறங்கவில்லை.

"நீங்க பாதிதான் வாசிச்சீங்க, வக்கீலய்யா. மீதியையும் வாசிங்க."

அவன் தொண்டையைக் கனைத்தான். தலைவர் விட்லோவும் வாசிக்கச் சொன்னார். வாசித்தான். தண்டனை என்ற வார்த்தை வந்தபோதுதான் அவனுக்கே உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"அந்த மீதி நான்தான். செத்தப்புறம் தண்டனை கிடையாதுன்னு இந்த வாயாலதான் பிரசங்கம் பண்றேன். அவ எழுந்திருக்கணும்னா நானும் எழுந்திருக்கணும். ரெண்டு பேரையும் எழுப்புங்க, இல்லேன்னா ரெண்டு பேரையும் உட்கார வைங்க."

சொல்லிவிட்டு நீ போய்விட்டாய். விட்லோ சமாளித்துவிடலாம் என்று நினைத்து ஒரு தப்புப் பண்ணினார். மூப்பர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறார், இவர் மாதிரி நினைக்கிறவர்கள் இந்த மண்டபத்தில் வேறு யாராவது உண்டா என்று கேட்டார். ஒருத்தரும் வாய்திறக்க மாட்டார்கள் என்று நினைப்பு. கதவருகே சாவிக்கொத்தோடு நின்றிருந்த எஸ்கோ ஓரடி முன்னால் வந்து, நான் நினைக்கிறேன் ஐயா என்றான். வெர்னன் எழுந்தார். பின்வரிசையில் ஓடைக்கரைக் குடும்பங்கள் மொத்தமும் எழுந்தன. குறிப்பு எழுதிக்கொண்டிருந்த லோவல் பேனாவோடு எழுந்து நின்றான். அவன் எழுந்ததால் அதற்குமேல் நடந்தது எதுவும் குறிப்பில் இல்லை. எழுத ஆளில்லை.

எல்லாரையும் நீக்கினால் கவுண்டியில் குடிகாரனைப் பிடிக்க ஆள் கிடையாது, பிணத்தைப் பார்க்க ஆள் கிடையாது. விட்லோ நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அப்போது பள்ளிச் சமையல்காரி திருமதி ஜென்ட்ரி எழுந்தாள். அவள் டவுன் சபைக்காரி. ஸ்டர்ஜில் அவளைப் பார்த்து மகிழ்ச்சியாகத் தலையாட்டினான்.

"நரகம் உண்டுங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்ல, ராஸ்கோ. உன்னைப் பார்க்கப் பார்க்க இன்னும் உறுதியாகுது. ஆனா பாலம் வேணும். அவளை உட்கார விடு."

விட்லோ சாப்பாட்டுக்கு இடைவேளை விட்டார். திரும்பி வந்தபோது ஆட்சேபத்தை யாரும் எடுக்கவில்லை. லோவல் என்னைக் கையை உயர்த்தச் சொன்னான். உறுதி கூறுகிறேன் என்றேன். கடவுள் துணை புரிக என்ற கடைசி வரி வந்ததும் லோவலுக்கு இருமல் வந்துவிட்டது. நல்ல நீளமான இருமல். விட்லோ ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்துவிட்டேன், அண்ணா. உன் நாற்காலி பக்கத்தில் காலியாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. தூசி என்று சொல்லிவிட்டேன்.

நீ வாயைத் திறந்ததற்கு உன்னை மன்னிக்கப் போவதில்லை. சொன்னால் சொன்னதுதான். அடுத்த கூட்டத்துக்கு நேரத்தோடு வா, பாலத்துக்கு உன் ஓட்டு வேண்டும்.

ஓலீட்டா

&nbsp;

1954 நவம்பர் 15

தங்கச்சி ஓலீட்டாவுக்கு,

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எதற்குக் கடிதம் என்பாய். மன்றத்தில் நீ பாலத்தைத் தவிர வேறு எதையும் பேசவிடுவதில்லை. பாலம் நிறைவேறிவிட்டது, நல்லது. மரம் ஸ்டர்ஜில் ஆலையிலிருந்துதான் வாங்க வேண்டும் என்றதும், ஓட்டே இல்லாத அவன் கையும் பின்வரிசையில் உயர்ந்ததே, பார்த்தாயா?

இருந்தும் வழக்குப் போட்டுவிட்டான். நகரத்து நீதிமன்றத்தில். உன்மேலும் என்மேலும். வழக்குத்தாளில் என் பேருக்கும் உன் பேருக்கும் நடுவே ஒரு 'மற்றும்'தான் இருக்கிறது. சபைப் புத்தகத்தில் பிரிந்தபின் நம் பேர்கள் சேர்ந்து வருவது இதில்தான். வெஸ்டா அதை வெட்டி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

நேற்று நமக்கு வைத்திருக்கிற வக்கீலைப் பார்த்தேன். சின்ன வயது, நல்லவன். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். "உங்க சங்கதி வேற, மூப்பரே. நீங்க விசுவாசி. மறுமையில ஏதோ ஒரு தண்டனை இருக்கலாம்னு மட்டும் சொல்லிடுங்க, உங்க பேரை வழக்கிலேர்ந்து எடுத்துடறேன். ஒரே ஒரு வார்த்தை. உங்க தங்கச்சி பாடு அவங்க பாடு."

ஒரே ஒரு வார்த்தை. உள்ளே எட்டிப் பார்க்க யாரும் வரப்போவதில்லை என்றுகூடச் சொன்னான். ஆகஸ்டில் நான் உனக்கு எழுதிய அதே சொற்கள், ஒன்றுகூட மாறவில்லை. கேட்க எவ்வளவு கேவலமாக இருந்தது தெரியுமா? முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நீ அன்றைக்கு ஜாமைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி கடிதம் எழுதினாயே, அது பெரிய காரியம். நான் என்றால் பாட்டிலைத் திருப்பி எறிந்திருப்பேன்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதில் எழுதச் சொல்லியிருக்கிறேன். எங்களை உட்கார வைத்தது ஓடைக்கரை, எங்களை எழுப்ப வேண்டியதும் அதுதான், நாங்கள் எதை நம்புகிறோம் என்பதற்கு இந்தக் கோர்ட்டில் பதில் கிடையாது. வார்த்தை சரியா என்று பார்த்துச் சொல். உனக்குத்தான் வாய் நீளம்.

சபையில் உன் பேரை என்னால் திரும்பச் சேர்க்க முடியாது. நீயும் கேட்கமாட்டாய். ஆனால் வெஸ்டா சனிக்கிழமை பாதம் கழுவுகிற பாத்திரத்தையும் துண்டையும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறாள். சபைக்கு வெளியே இது செல்லுமா என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன், அதுதான் உண்மை. வாதம் பண்ணாமல் செருப்பைக் கழற்று. வண்டி ஓட்டிக்கொண்டு வருவது நான்தான். மலையைச் சுற்றி வருவேன். காப்பி வை.

திங்கட்கிழமை விசாரணை. என் பிக்கப் வண்டியிலேயே போய்விடலாம். வெஸ்டா அடுக்கு ஆப்பிள் கேக் கட்டித் தருகிறாளாம். போகும்போது கடவுளைப் பற்றி ஒரு வார்த்தையும் கூடாது, நான் பாதையைப் பார்த்து ஓட்ட வேண்டும். திரும்பி வரும்போது எவ்வளவு வேண்டுமானாலும் பேசு. நாற்காலி இருந்தாலும் போனாலும் சரி, வழி நெடுக உன்னோடு சண்டை போட நான் தயார்.

உன் அண்ணன்,
ஹோபர்ட்